ஹென் டோமென்: மரத்தில் நின்ற கோட்டையும் மண் காத்த தடயங்களும்

முன்னுரை

வேல்ஸ் நாட்டுக் கோட்டைகள் என்றால் கெர்னார்வன், கான்வி, ஹார்லெக், போமாரிஸ் ஆகிய கற்கோட்டைகளே பலருக்கும் நினைவில் எழும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் எழுப்பிய இந்நான்கும் 1986 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக உள்ளன. ஆனால் அவற்றுக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, மண்ணைக் குவித்தும் மரத்தை நட்டும் கட்டிய நூற்றுக்கணக்கான கோட்டைகள் வேல்ஸ் முழுவதும் இருந்தன. அவற்றின் மரம் மட்கிவிட்டது. புல் மூடிய மேடுகளும் தூர்ந்த அகழிகளும் எஞ்சியிருக்கின்றன. ஆடு மேயும் அந்த மேடுகளைக் கண்டு, கற்கோட்டை எழும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடே மரக்கோட்டை என்று வெகுகாலம் எழுதி வந்தனர்.

இக்கருத்தை மாற்றிய இடம் ஒன்று உண்டு. வேல்ஸின் கிழக்கெல்லையில், மாண்ட்கோமரி ஊருக்கு அருகே உள்ள ஹென் டோமென் அது. 1960 முதல் 1992 வரை அங்கே நடந்த அகழாய்வு, ஒரு மரக்கோட்டையின் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வாழ்வை அடுக்கடுக்காகத் திறந்து காட்டியது. அக்கோட்டையின் இடம், வரலாறு, அமைப்பு, அகழாய்வு முறை, எச்சங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது. மரமே அக்கோட்டைக்கு உரிய பொருளாக இருந்தது, மரமாகவே அது தன் ஆயுள் முழுவதும் நின்றது என்பதை நிறுவுவது இதன் நோக்கம்.

1. பெயரும் இடமும்

1.1 பெயர்

வேல்ஸ் மொழியில் ‘ஹென்’ என்றால் பழைய, ‘டோமென்’ என்றால் மண்மேடு. தனிச்சொல்லாக நிற்கும்போது அது ‘தோமென்’ என வல்லெழுத்தில் தொடங்கும். முன்னே அடைமொழி சேர்ந்ததும் அம்மொழியின் இயல்புப்படி முதலெழுத்து மெலிந்து ‘டோமென்’ ஆகிறது. ஆக, ‘பழைய மேடு’ என்பதே பெயரின் பொருள்.

கட்டப்பட்ட காலத்தில் இது பழைய மேடாக இருக்கவில்லை. அப்போது இதன் பெயர் மாண்ட்கோமரி. கட்டியவரின் குடும்பம் பிரான்சின் நார்மண்டியில் மாண்ட்கோமரி என்னும் ஊரைச் சேர்ந்தது. அந்த ஊர்ப்பெயரே கடல் கடந்து வேல்ஸ் எல்லைக்கு வந்தது. 1223இல் தெற்கே ஒரு பாறைமுகட்டில் புதிய கற்கோட்டை எழுந்தபோது பெயரும் அங்கே குடிபெயர்ந்தது. பெயரை இழந்த இடத்தை மக்கள் பழைய மேடு என அழைக்கலாயினர்.

மாண்ட்கோமரி ஊருக்கு வேல்ஸ் மொழியில் வழங்கும் பெயர் வேறு: ட்ரெஃபால்ட்வின், அதாவது பால்ட்வினின் ஊர். கோட்டையைக் கட்டியவருக்குப் பின் அதைப் பெற்ற பால்ட்வின் டி பூலர்ஸ் என்பவரின் பெயர் அது. கட்டியவரின் ஊரை ஆங்கிலமும், பின்னே வந்து நிலைத்தவரின் பெயரை வேல்ஸ் மொழியும் காத்து வைத்திருக்கின்றன.

1.2 இடம்

ஹென் டோமென் இன்றைய பொவிஸ் மாவட்டத்தில், மாண்ட்கோமரி ஊருக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதற்கு அப்பால் செவர்ன் ஆறு வடக்கு நோக்கிப் பாய்கிறது. அந்த ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ரீட் குவிமா என்னும் துறைதான் இவ்விடத்தின் முக்கியத்துவத்துக்குக் காரணம். மலைநாட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் படையும், சமவெளியிலிருந்து மலையேறும் படையும் இங்கே ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

துறையின் மதிப்பை நார்மன்கள் முதலில் கண்டுபிடிக்கவில்லை. அதன் அருகே ஃபோர்டன் கேர் என்னும் ரோமானியப் படைக்கோட்டை இருந்தது. கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், 8ஆம் நூற்றாண்டு மெர்சிய மன்னர் ஆஃபாவின் பெயர் தாங்கிய நெடிய மண்கரை செல்கிறது. ரோமானியரின் கோட்டை, மெர்சியரின் கரை, நார்மன்களின் மேடு என மூன்று காலத்து ஆட்சிகளும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே மண் வெட்டியிருக்கின்றன. ஆறு தாழ்ந்து வழிவிடும் இடத்தைக் காக்க வேண்டிய தேவை ஆட்சிகள் மாறியும் மாறவில்லை.

2. வரலாறு

2.1 எல்லை ஏர்ல்கள்

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தின் மன்னரானார். வேல்ஸ் அப்போது ஒரே அரசாக இல்லை. க்வினெத், பொவிஸ், டெஹ்யூபார்த் எனப் பல அரசுகளாகப் பிரிந்திருந்தது. அதன் எல்லையைக் காக்க வில்லியம் தம் நம்பிக்கைக்குரிய மூவரை ‘ஏர்ல்’ என்னும் உயர்பிரபுப் பட்டம் தந்து நிறுத்தினார். ஹெரஃபோர்டில் வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ன், செஸ்டரில் அவ்ராஞ்ச் ஹ்யூ, ஷ்ரூஸ்பரியில் ரோஜர் டி மாண்ட்கோமரி. எல்லையைக் காப்பதோடு அதைத் தாண்டி முன்னேறும் உரிமையும் இவர்களுக்கு இருந்தது. முன்னேறிய இடங்களில் எல்லாம் மேடு குவித்தார்கள்.

2.2 கோட்டை எழுதல்

ரோஜர் 1070களின் தொடக்கத்தில் ஷ்ரூஸ்பரியின் ஏர்ல் ஆனார். ஹென் டோமென் அதன்பின் சில ஆண்டுகளிலேயே எழுந்திருக்க வேண்டும். 1086இல் மன்னர் வில்லியம் எடுப்பித்த நிலக்கணக்கான டூம்ஸ்டே நூலில், ஏர்ல் தாமே மாண்ட்கோமரி என்னும் கோட்டையைக் கட்டினார் என்ற பதிவு இருக்கிறது. கோட்டையைச் சார்ந்த நிலம் ஐம்பத்திரண்டரை ‘ஹைடு’ என்றும் அது குறிக்கிறது. ஹைடு என்பது வரி விதிப்பதற்கான நில அளவு. நார்மன்கள் வருவதற்கு முன் அந்நிலத்தை சேவார், ஆஸ்லாக், அஸோர் ஆகிய மூவர் வரியின்றி வேட்டைக்காக வைத்திருந்தனர் என்றும் அதே பதிவு சொல்கிறது. வேட்டைக்கு விட்ட நிலம் என்ற இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். மண்ணுக்கடியில் கிடைத்த சான்று ஒன்று இதனோடு சேர்ந்து பேசுகிறது.

2.3 1095ஆம் ஆண்டுத் தாக்குதல்

1094இல் ரோஜர் இறந்தார். வேல்ஸ் மக்கள் நார்மன்களுக்கு எதிராகப் பரவலாகக் கிளர்ந்தெழுந்த காலம் அது. மறு ஆண்டு அவர்கள் மாண்ட்கோமரிக் கோட்டைக்குள் புகுந்து, ரோஜரின் மகன் ஏர்ல் ஹ்யூவின் காவல்வீரர்களைக் கொன்றதாக ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு பதிவு செய்கிறது. செய்தி கேட்டு மன்னர் வில்லியம் ரூஃபஸ் படையோடு வேல்ஸுக்குள் சென்றார். ஸ்னோடன் மலை வரை போயும் எதிரிகளை நெருங்க முடியவில்லை. அவர்கள் மலைகளுக்குள் மறைந்துவிட, மன்னர் திரும்பினார். கோட்டையைப் பிடிக்க முடிந்தவர்களை மன்னரின் பெரும்படையால் பிடிக்க முடியவில்லை. எல்லைக் கோட்டை ஒன்று எவ்வளவு தனித்து நின்றது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மாண்ட்கோமரிக் குடும்பமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1098இல் ஆங்கில்சி தீவின் கரையில் நார்வே மன்னர் மாக்னஸின் கப்பற்படையோடு நேர்ந்த மோதலில் ஹ்யூ அம்பு பட்டு மாண்டார். அவருக்குப் பின் வந்த அண்ணன் பெல்லேம் ராபர்ட் 1102இல் முதலாம் ஹென்றி மன்னருக்கு எதிராகக் கலகம் செய்து, இங்கிலாந்தில் இருந்த உடைமைகள் அனைத்தையும் இழந்தார். கட்டிய குடும்பத்தின் கையில் கோட்டை இருந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே.

2.4 பூலர்ஸ் குடும்பம்

முதலாம் ஹென்றி கோட்டையைப் பால்ட்வின் டி பூலர்ஸிடம் கொடுத்தார். ஏர்ல் ஒருவரின் பல கோட்டைகளுள் ஒன்றாக இருந்தது, இப்போது நடுத்தரப் பிரபு ஒருவரின் தலைமையிடமானது. இந்த மாற்றம் கோட்டைக்குள் வாழ்ந்த முறையையே மாற்றியது என்பதைக் கட்டடத் தடயங்களில் காணலாம். 12ஆம் நூற்றாண்டு முழுவதும் பூலர்ஸ் குடும்பம் இங்கே இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்குடும்பத்தின் பிடி தளர, எல்லை மீண்டும் கொந்தளித்தது. க்வினெத்தின் லலவெலின் அப் யோர்வெர்த் வேல்ஸ் அரசர்களுள் தலையானவராக உயர்ந்தார்.

2.5 புதிய கோட்டையும் பழைய மேடும்

1223இல் மூன்றாம் ஹென்றி மன்னரின் ஆட்சி, ஹ்யூபர்ட் டி பர்கின் வழிகாட்டலில், பாறைமுகட்டின் மேல் புதிய மாண்ட்கோமரிக் கோட்டையைத் தொடங்கியது. மன்னருக்கு அப்போது வயது பதினாறு. அத்துடன் ஹென் டோமென் முடிந்துவிடவில்லை. ஆற்றுத்துறையைக் காக்கும் முன்னணிக் காவல்நிலையாக அது ஏறத்தாழ 1300 வரை பயன்பட்டது என்பது அகழாய்வு தந்த முடிவு. பாறைமேல் உள்ள கோட்டை ஊரைக் காத்தது. துறைக்கு அருகில் இருந்தது பழைய மேடுதான்.

அந்தத் துறை போருக்கு மட்டும் உரியதன்று. இரு நாட்டாரும் சந்தித்துப் பேசும் எல்லைக்களமாகவும் அது இருந்தது. 1267 செப்டம்பர் 29 அன்று, போப்பாண்டவரின் தூதர் ஒட்டோபுவோனோ நடுவராக நிற்க, மூன்றாம் ஹென்றியும் லலவெலின் அப் கிரஃபித்தும் மாண்ட்கோமரி உடன்படிக்கை செய்துகொண்டனர். லலவெலினை வேல்ஸின் இளவரசராக இங்கிலாந்து மன்னர் அதன்வழி ஏற்றார். 1282–83இல் எட்வர்டின் படையெடுப்பில் லலவெலின் கொல்லப்பட்டு வேல்ஸ் வீழ்ந்தபின், காக்க வேண்டிய எல்லை என ஒன்று அங்கே இல்லாமற்போனது. எல்லைக்காக எழுந்த கோட்டை எல்லையோடு முடிந்தது.

3. மேடும் முற்றமும்: அமைப்பு

3.1 பொது அமைப்பு

இவ்வகைக் கோட்டைக்கு இரண்டு உறுப்புகள். ஒன்று ‘மோட்’ எனப்படும் உயர்ந்த மண்மேடு. மற்றொன்று ‘பெய்லி’ எனப்படும், மண்கரையும் மரவேலியும் சூழ்ந்த முற்றம். வட்டமாக அகழி தோண்டி, தோண்டிய மண்ணை நடுவே குவித்தால் ஒரே உழைப்பில் பள்ளமும் மேடும் கிடைத்துவிடும். மேட்டின் உச்சியில் மரக்கோபுரமும் அதைச் சுற்றி வேலியும் இருக்கும். முற்றத்தில் கூடம், களஞ்சியம், தொழுவம், பட்டறை, வழிபாட்டிடம் ஆகியவை இருக்கும். முற்றத்திலிருந்து மேட்டுக்கு ஒரு மரப்பாலம் ஏறும். முற்றம் வீழ்ந்தாலும் பாலத்தைத் துண்டித்துவிட்டு மேட்டில் நின்று போரிடலாம்.

இக்கோட்டைகளின் தோற்றத்தை பாயோ சித்திரத்துணி ஓரளவு காட்டுகிறது. ஹேஸ்டிங்ஸில் ஆட்கள் மண்வெட்டியோடு மேடு குவிப்பதையும், பிரிட்டனி நாட்டு டினான் கோட்டையில் வீரர்கள் தீப்பந்தம் கொண்டு வேலியைக் கொளுத்துவதையும் அதில் காணலாம். மரக்கோட்டையின் பலமும் பலவீனமும் அவ்விரு காட்சிகளில் அடங்கும்: விரைவில் எழும், தீயில் அழியும்.

3.2 ஹென் டோமெனின் அமைப்பு

இங்கே மேடு மேற்கிலும் முற்றம் கிழக்கிலும் உள்ளன. மேட்டின் உயரம் ஏறத்தாழ 8 மீட்டர். முற்றத்தின் பரப்பு சிறியது. ஆனால் அதைச் சூழ்ந்த அரண் இரட்டை வரிசையாக அமைந்தது. வெளியிலிருந்து வரும் எதிரி முதலில் ஓர் அகழியில் இறங்கி ஒரு கரையில் ஏற வேண்டும். மறுபடி உள்ளகழியில் இறங்கி, வேலியும் போர்மேடையும் கொண்ட உட்கரையில் ஏற வேண்டும். அதற்குப் பின்னரே முற்றம். முற்றத்துக்கும் மேட்டுக்கும் இடையே இன்னோர் அகழி. சிறிய இடத்துக்குள் இத்தனை தடைகளை அடுக்கியிருப்பது, கட்டியவர் இதைத் தற்காலிக முகாமாக எண்ணவில்லை என்பதற்கு முதல் சான்று.

4. ஆராய்ச்சி வரலாறு

4.1 மேடுகளைக் கட்டியவர் யார்?

இம்மேடுகள் நார்மன்களுடையவை என்பதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உறுதியாகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கோட்டை ஆய்வாளர்களுள் செல்வாக்கு மிக்க ஜி. டி. கிளார்க், நார்மன்களுக்கு முற்பட்ட சாக்சன் அரண்களே இவை எனக் கருதினார். எல்லா ஆர்மிடேஜ் என்னும் பெண் அறிஞர் ஆவணங்களையும் களத்தையும் ஒப்பிட்டு இக்கருத்தை மறுத்தார். 1912இல் வெளிவந்த அவருடைய நூல், பிரிட்டனின் மேடு–முற்றக் கோட்டைகளை நார்மன் பிரபுக்களோடு இணைத்து நிறுவியது. கேள்வி அத்துடன் தீரவில்லை. மேட்டின் மேலும் முற்றத்தினுள்ளும் என்ன இருந்தது என்பதை ஆவணங்கள் சொல்லவில்லை. அதை அறிய மண்ணைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

4.2 ஃபிலிப் பார்க்கரின் முறை

1960இல் ஃபிலிப் பார்க்கர் ஹென் டோமெனில் அகழாய்வைத் தொடங்கினார். பின்னர் ராபர்ட் ஹையம் அவருடன் இணைந்தார். கோடைதோறும் மாணவர்களும் ஆர்வலர்களும் வந்து உழைத்தனர். முற்றத்தின் வடபாதியும் மேட்டின் உச்சியும் இவ்வாறு ஆராயப்பட்டன.

அக்காலத்துப் பொதுவழக்கம், குறுகிய நீண்ட குழிகளை வெட்டி, பக்கச் சுவர்களில் தெரியும் மண்ணடுக்குகளைப் படிப்பது. கற்சுவரைத் தேட அது போதும். மரக்கட்டடத்துக்கு அது உதவாது. ஈரமண்ணில் மரம் மட்கிவிடும். எஞ்சுவது நிறம் மாறிய ஒரு வட்டம், கூழாங்கற்கள் இல்லாத ஒரு பட்டை, காலடி பட்டு இறுகிய ஒரு தரை. இவை குழியின் பக்கச்சுவரில் கோடாகக்கூடத் தெரியாமல் போகலாம். தரை முழுவதையும் ஒருசேரத் திறந்து மேலிருந்து பார்த்தால்தான் உருவம் புலப்படும்.

ஆகவே பார்க்கர் பரந்த பரப்பைத் திறந்தார். கொத்துக்கரண்டியால் மெல்லச் சுரண்டி, ஒவ்வோர் அடுக்கையும் முழுமையாக வெளிப்படுத்தி, கூழாங்கற்கள் உட்பட வரைந்து பதிந்த பின்னரே அடுத்த அடுக்குக்கு இறங்கினார். ஒரு பருவத்தில் சில அங்குலம் இறங்கினாலே பெரிது. அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் அளவிட முடியாதது. தூண்குழியே இல்லாமல், தரையின்மேல் கிடத்திய அடிவிட்டத்தின் மீது நின்ற கட்டடங்களும் கண்ணுக்குத் தெரிந்தன. குறுகிய குழி வெட்டியிருந்தால் அவற்றைக் குப்பைமண் என்று அள்ளி வீசியிருப்பார்கள். 1977இல் அவர் எழுதிய அகழாய்வு நுட்ப நூலுக்கு இக்களமும் ரோமானிய நகரமான ராக்ஸ்டரும் அடிப்படையாயின. ஹென் டோமென் அறிக்கையின் முதற்பகுதி 1982இலும் இரண்டாம் பகுதி 2000இலும் வெளிவந்தன. பார்க்கர் 2001இல் மறைந்தார்.

5. எச்சங்கள் சொல்வன

5.1 கோட்டைக்கு அடியில் ஒரு வயல்

கோட்டையின் மண்கரைக்கு அடியில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அங்கே உழவுச்சால்கள் இருந்தன. மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் வரிசைகளாக உழுத வயலின் முகம் அப்படியே இருந்தது. கரையைக் குவித்தவர்கள் வயலைச் சமப்படுத்தாமல் அதன்மேலேயே மண்ணைக் கொட்டியதால், மேலே விழுந்த மண் அதைக் காத்துவிட்டது. கோட்டை 1070களில் எழுந்தது என்பதால் வயல் அதற்கு முற்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காலம் உறுதியாகத் தெரிந்த இவ்வகை உழவுத் தடயங்களுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று.

பழைய நிலமட்டத்தில் தங்கிய மகரந்தத் துகள்களை ஆராய்ந்தபோது, கோட்டை வருவதற்கு முன்பே வயல் கைவிடப்பட்டுப் புதர் மண்டியிருந்தது தெரிந்தது. டூம்ஸ்டே நூலின் வாசகத்தை இங்கே நினைவுகூர வேண்டும். மூவர் வேட்டைக்கு வைத்திருந்த நிலம் என்றது அது. ஏன் வேட்டைநிலமானது என்று அது சொல்லவில்லை. மண் சொல்கிறது: ஒருகாலத்தில் இங்கே மக்கள் உழுது விதைத்தார்கள்; பின்னர் அவர்கள் இல்லாமற்போனார்கள்; காடு திரும்பியது; காட்டில் வேட்டை நடந்தது. ஆவணமும் மண்ணும் தனித்தனியே அரைச்செய்தி தர, இரண்டும் சேர்ந்து முழுச்செய்தியாகின்றன.

5.2 அரண்கள்

உட்கரையில் வேலிக்கான தூண்களின் தடம் கிடைத்தது. வேலி பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மேட்டின் அகழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய பாலங்களின் அடித்தடங்கள் இருந்தன. முதல் பாலம் பெரிய மரங்களால் அகலமாக அமைந்தது. பின்வந்தவை அளவில் சிறுத்தன. ஈரமண்ணில் நட்ட தூண் சில பத்தாண்டுகளில் அடியில் உளுத்துவிடும். அப்போது கோட்டையைக் கைவிடவில்லை. புதிய மரம் கொண்டுவந்து மீண்டும் கட்டினார்கள். தலைமுறைதோறும் தச்சர்கள் செய்த இந்த வேலைதான் கோட்டையை நிற்க வைத்தது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் வெட்டிய குழிகளே அவர்களின் கையொப்பம்.

5.3 கட்டடங்கள்

ரோஜரின் காலத்து முற்றத்தில் கட்டடங்கள் குறைவு, மரங்கள் பெரியவை. மேட்டின் அடிவாரத்தில், பாலத்தை ஒட்டி, வலிமையான ஒரு பெரிய கட்டடம் நின்றது. கூடமாகவும் மேட்டுக்கு ஏறும் வழியைக் காக்கும் இடமாகவும் அது இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. களஞ்சியம் ஒன்றும் அடையாளம் காணப்பட்டது. ஏர்லின் செல்வமும் படைநோக்கமும் இக்கட்டத்தில் வெளிப்படையாகத் தெரிகின்றன.

பூலர்ஸ் காலத்தில் காட்சி மாறுகிறது. கட்டடங்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகி, முற்றத்தை நெருக்கி நிறைத்தன. சுவருக்குச் சுவர் ஒட்டி, நடுவே ஒடுங்கிய சந்து விட்டு நின்ற ஒரு சிற்றூர் போலக் கோட்டை ஆனது. கம்புகளைப் பின்னி மண் அப்பிய தட்டிச்சுவர்கள் மிகுந்தன. ஒருபுறம் அரைவட்டமாக வளைந்து முடியும் கட்டடம் வழிபாட்டிடமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. படையிடமாக இருந்தது குடும்பம் வாழும் வீடாக மாறிய கதையை இத்தரைகளில் படிக்கலாம். 13ஆம் நூற்றாண்டில், புதிய கோட்டை எழுந்த பின், முற்றத்தில் கட்டடங்கள் குறைந்தன. அரண் மட்டும் காக்கப்பட்டது. காவல்வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

5.4 வாழ்க்கை

இத்தனை ஆண்டு வாழ்வுக்குக் கிடைத்த பொருள்களோ மிகக் குறைவு. ஒளிரும் அணிகலன்கள் இல்லை, காசுகள் அரிது, மட்பாண்டங்களும் பெரும்பாலும் கரடுமுரடான சமையற்பானைகள். மரக்கலங்களும் தோலும் துணியுமாக அவர்கள் புழங்கியவை மட்கிப்போயின என்பது ஒரு காரணம். வாழ்க்கையே கடுமையானது என்பது மற்றொரு காரணம். எல்லைப் பிரபு என்னும் பட்டத்தைக் கேட்டு நாம் கற்பனை செய்யும் ஆடம்பரம் இம்முற்றத்தில் இல்லை. புகையும் சேறும் குளிரும் நெருக்கமும் கொண்ட இடத்தில், துறையின் மேல் கண் வைத்து அவர்கள் வாழ்ந்தார்கள்.

6. மரமும் கல்லும்

மரக்கோட்டை கற்கோட்டைக்கு முன்னோட்டம் என்னும் கருத்தை இப்போது மதிப்பிடலாம். மூன்று சான்றுகள் அதற்கு எதிராக நிற்கின்றன.

முதலாவது, கால அளவு. 1070கள் தொடங்கி ஏறத்தாழ 1300 வரை ஹென் டோமென் மரமாகவே நின்றது. ஒருமுறைகூட அது கல்லுக்கு மாறவில்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் நீடித்ததைத் தற்காலிகம் என்று சொல்ல இயலாது.

இரண்டாவது, அரசாணை. 1225இல், பாறைமேல் புதிய கோட்டை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், மாண்ட்கோமரிப் பள்ளத்தாக்கில் மேடுகள் வைத்திருப்போர் அனைவரும் அவற்றை நல்ல மரக்காப்பரண்களால் உடனே வலுப்படுத்த வேண்டும் என்று மன்னரின் ஆணை பிறந்தது. இப்பள்ளத்தாக்கில் ஹென் டோமெனைச் சுற்றிச் சிறு மேடுகள் பல உள்ளன. கல்லில் கட்டத் தெரிந்த, கட்டிக்கொண்டிருந்த அரசே மரத்தின் மீது நம்பிக்கை வைத்தது.

மூன்றாவது, வேல்ஸ் அரசர்களின் வழக்கம். நார்மன்களுக்கு எதிராகப் போரிட்ட அவர்களும் மேடு குவிக்கக் கற்றார்கள். வேல்ஸ் மக்களுள் ஒருவர் கட்டியதாகப் பதிவான முதல் கோட்டை, 1116இல் உக்ட்ரிட் அப் எட்வின் கட்டிய கம்மெர். 1149இல் க்வினெத் அரசர் ஒவைன், யால் பகுதியில் தோமென் யி ரோத்வித் என்னும் மேட்டை எழுப்பினார்; மேடும் முற்றமும் இன்றும் தெளிவாகத் தெரியும் இடம் அது. 1157இல் அது எரிக்கப்பட்டது. 1171இல் ரீஸ் அப் கிரஃபித் கார்டிகன் கோட்டையைக் கல்லாலும் சாந்தாலும் கட்டினார். கல்லில் கட்டும் வழி திறந்த பின்னும் மரக்கோட்டைகள் மறையவில்லை. இரண்டும் நூறாண்டுக்கு மேல் அருகருகே வாழ்ந்தன.

மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் தெளிவு. ஓக் மரம் அருகிலேயே கிடைத்தது, தச்சர் இருந்தனர். கல்லுடைப்பு, சுண்ணாம்புக் காளவாய், கொத்தர் கூலி, பல ஆண்டு உழைப்பு எனக் கற்கோட்டை கேட்ட செலவைச் சிறு பிரபு தாங்க முடியாது. உளுத்த பகுதியை மட்டும் மாற்றலாம், தேவைக்கேற்ப விரிக்கலாம், சுருக்கலாம் என்பதும் மரத்தின் வசதி. எரியும் என்னும் குறைக்கு மண்பூச்சும் இரட்டை அகழியும் மாற்றாக இருந்தன. இங்கே மரத்தில் கட்டியவர்கள் இயலாமையால் அதைச் செய்யவில்லை. தம் நிலத்தையும் வருவாயையும் எதிரியையும் எடைபோட்டுச் செய்தார்கள். கல் எஞ்சியதால் கற்கோட்டையின் வரலாறு எழுதப்பட்டது. மரம் மட்கியதால் மரக்கோட்டையின் வரலாறு எழுதப்படாமலிருந்தது. எஞ்சியதை வைத்தே முக்கியத்துவத்தை அளக்கும் இப்பழக்கத்தை ஹென் டோமென் திருத்தியிருக்கிறது.

7. இன்றைய நிலையும் முடிவும்

இன்று ஹென் டோமென் மரங்கள் வளர்ந்த மேடாகவும் புல் மூடிய முற்றமாகவும் தனியார் நிலத்தில் நிற்கிறது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொல்சின்னம் அது. தோண்டிய பகுதிகள் மூடப்பட்டுவிட்டன. தெற்கே பாறைமேல் நிற்கும் புதிய கோட்டை 1649இல் நாடாளுமன்ற ஆணையால் இடிக்கப்பட்டது. அதன் கற்சுவர் எச்சங்களைப் பார்க்க மக்கள் செல்கிறார்கள். பழைய மேட்டில் பார்ப்பதற்குச் சுவர் இல்லை. ஆயினும் பாறைமேல் உள்ளதைக் காட்டிலும் மேட்டடியில் உள்ள வாழ்க்கையைப் பற்றி நமக்கு நுணுக்கமாகத் தெரியும். முப்பது கோடைகளுக்கு மேலாகக் கரண்டியோடு மண்டியிட்டவர்கள் தந்த அறிவு அது.

முற்றத்தின் தென்பாதி இன்னும் தோண்டப்படாமல் இருக்கிறது. அகழாய்வு என்பது படித்த பக்கத்தைக் கிழித்தெறிந்துகொண்டே செல்லும் வாசிப்பு. ஒருமுறை அகற்றிய அடுக்கை மறுபடி வைக்க முடியாது. ஆகவே எஞ்சிய பாதி, இன்னும் கூரிய கருவிகளோடு வரப்போகும் தலைமுறைக்கான வைப்பு. அவர்களும் கடைசி அடுக்குக்கு இறங்கும்போது ஏர்லையும் பிரபுவையும் தச்சரையும் காவலரையும் கடந்து, கரைக்கு அடியில் உழவுச்சாலை அடைவார்கள். ஏர்ல் ரோஜருக்கு முன்னும், வேட்டையாடிய மூவருக்கு முன்னும், அந்த நிலத்தில் ஏர் பிடித்து நடந்தவர்களின் தடம் அது.

கோட்டை விழுந்து அந்த வயலை அழிக்கவில்லை. தன் மண்ணால் மூடித் தொள்ளாயிரம் ஆண்டுகள் காத்தது.